நெட் வேற, வைஃபை வேற: மூணு தளத்து வீட்டுக்கு சிக்னல் ஏற்றின கதை

போன வருஷம் அம்மாவுக்கு முட்டி மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. பார்த்துக்கொள்ள தங்கை சென்னையிலிருந்து கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஆபீஸில் ஆறு மாதம் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கொடுத்திருந்தார்கள். கீழே டிவி சத்தம், குக்கர் சத்தம், வந்து விசாரிக்கிற சொந்தக்காரர்கள் சத்தம். அதனால் இரண்டாம் மாடி அறையில் மேஜை போட்டுக்கொண்டாள்.

முதல் வாரமே ஆரம்பித்தது. "அண்ணா, நான் பேசுறது அவங்களுக்குக் கேக்கல. அவங்க பேசுறது எனக்கு கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு." மூன்றாவது வாரம் அவளுடைய மேனேஜர், நெட் சரியாகவில்லை என்றால் ஆபீஸுக்கே வந்துவிடுங்கள் என்று நயமாகச் சொல்லிவிட்டார். நான் காலையில் நெய்வேலிக்குக் கிளம்பினால் இரவுதான் திரும்புவேன். அவளும் போய்விட்டால் அம்மாவுக்கு ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் கிடையாது.

எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். நெட் கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். 50 எம்பிபிஎஸ் திட்டத்தை 150-க்கு மாற்றினேன். மாதம் கூடுதலாகப் பணம் போனதுதான் மிச்சம். மூன்றாவது முறை வந்த டெக்னீஷியன் பையன், ரவுட்டர் பக்கத்தில் நின்று போனில் வேகம் பார்த்து, 150 வருவதைக் காட்டிவிட்டு, "சார், நெட் நல்லாத்தான் இருக்கு. உங்க வீடுதான் பிரச்சினை" என்றான். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னது சரி.

இந்தக் குறிப்பை எழுதக் காரணம் அதுதான். நெட் வேற, வைஃபை வேற. தெருவிலிருந்து வீட்டுக்குள் வருவது நெட். வீட்டுக்குள் ரவுட்டரிலிருந்து உங்கள் கைக்கு வருவது வைஃபை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால், தண்ணீர் தொட்டி நிரம்பியிருக்கும்போது குழாய் அடைப்பை விட்டுவிட்டு மோட்டாரை மாற்றின கதையாகும்.

எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது

இதற்கு ஐந்து நிமிடம் போதும். லேப்டாப்பில் கட்டளைத் திரையைத் திறந்து, பிரச்சினை உள்ள அறையில் உட்கார்ந்து, முதலில் உங்கள் ரவுட்டருக்கே பிங் போடுங்கள். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 என்று இருக்கும். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் பார்க்கலாம். பிங் என்பது "இருக்கியா?" என்று கூப்பிட்டு, "இருக்கேன்" என்ற பதில் வர எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று அளப்பது.

ரவுட்டர் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பதில் ஐந்து மில்லி விநாடிக்குள் வரவேண்டும். இரண்டாம் மாடியில் எனக்கு வந்த பதில்கள்: 4, 9, 310, 85, பதிலே இல்லை, 640. அதாவது, நெட் கம்பெனியின் கம்பியைத் தொடுவதற்கு முன்பே, வீட்டுக்குள்ளேயே பேச்சு தடுமாறுகிறது.

அடுத்து கீழே வந்து, லேப்டாப்பை ரவுட்டரில் கேபிள் போட்டு நேராக இணைத்து 8.8.8.8 என்ற வெளி முகவரிக்குப் பிங் போடுங்கள். இது நிதானமாக வந்தால் கம்பெனி மேல் குற்றமில்லை. இதுவும் தடுமாறினால் தாராளமாகச் சண்டை போடலாம். எங்கள் வீட்டில் ஒரு பதில்கூடத் தவறவில்லை. திட்டத்தை உயர்த்தியது வீண் என்று அப்போதுதான் உறைத்தது. சாதாரண வீடியோ காலுக்கு மூன்று நான்கு எம்பிபிஎஸ் இருந்தாலே போதும். வேண்டியது வேகம் அல்ல, விட்டு விட்டு வராத சீரான ஓட்டம்.

தாத்தா வீட்டில் வந்தது, இங்கே ஏன் வரவில்லை?

சிதம்பரத்தில் தேரோடும் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் தாத்தா வீடு. சித்தப்பா குடும்பம் இருக்கிறது. திண்ணை, ரேழி, முற்றம், பின்கட்டு என்று நீளமான பழைய வீடு. கூடத்துக்கு மேலே ஒரு மச்சு. ரவுட்டர் கூடத்தில். எங்களுடையதைவிட மலிவான பழைய ரவுட்டர். ஆனால் மச்சில் படுத்துக்கொண்டு படம் பார்க்கலாம். இது என்ன மாயம் என்று யோசித்தேன்.

மாயமில்லை, கட்டுமானம். அந்த மச்சு மர உத்திரம் போட்டு, மேலே செங்கல்லைக் குத்திட்டு அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி இடித்துக் கட்டியது. மெட்ராஸ் டெரஸ் என்று சொல்வார்களே, அது. இரும்பே கிடையாது. காய்ந்த மரமும் செங்கல்லும் வானொலி அலைக்குப் பெரிய தடையில்லை. முற்றம் வேறு திறந்து கிடப்பதால் அலை அதன் வழியாகவும் மேலே ஏறிவிடும்.

எங்கள் வீடு 2000-க்குப் பிறகு கட்டியது. ஐந்து அங்குல கான்கிரீட் தளம். சென்ட்ரிங் அடித்து, குறுக்கும் நெடுக்கும் கம்பி கட்டி, கான்கிரீட் கொட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் கம்பிக் கட்டத்தின் இடைவெளி ஐந்து ஆறு அங்குலம், அதாவது 12 முதல் 15 சென்டிமீட்டர். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். சந்தும் அலையும் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருப்பதால் அலை சுலபமாக நுழையாது. ஒரு பங்கு திரும்பிப் போகும், ஒரு பங்கு சிதறும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை இன்னும் குட்டை, ஐந்தரை சென்டிமீட்டர்தான். அது கம்பிச் சந்தில் நுழையும், ஆனால் கான்கிரீட் அதைக் கூடுதலாக விழுங்கும். கான்கிரீட்டில் ஈரம் இருந்தால் இன்னும் மோசம்.

இங்கே டெசிபல் கணக்கைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 3 டெசிபல் குறைந்தால் சக்தி பாதி. 10 குறைந்தால் பத்தில் ஒன்று. 20 குறைந்தால் நூறில் ஒன்று. ஒரு கான்கிரீட் தளம் சுமாராக 15-லிருந்து 25 டெசிபல் வரை தின்னும். தளம் ஒன்றுக்கு 20 என்று வைத்தால், கீழ்த்தளத்திலிருந்து இரண்டாம் மாடிக்கு இரண்டு தளம், 40 டெசிபல். அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் மேலே போய்ச் சேரும். தூரத்தால் குறைவது தனி.

போனில் சிக்னலை டிபிஎம் கணக்கில் காட்டும் இலவச செயலிகள் இருக்கின்றன. எண் மைனஸில் வரும். பூஜ்யத்துக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மைனஸ் 50 அருமை. மைனஸ் 67 வரை வீடியோ கால் பிரச்சினையில்லாமல் போகும். மைனஸ் 80-க்குக் கீழே போனால் கோடு காட்டும், வேலை நடக்காது. ஒரு தாளில் வீட்டுப் படம் போட்டு அறை அறையாக எழுதினேன். ரவுட்டர் பக்கத்தில் மைனஸ் 35. சமையலறையில் 58. முதல் மாடி படுக்கையறையில் 74. தங்கையின் மேஜையில் 84. ஆனால் மாடிப்படியில் நின்றால் மட்டும் 66! படிக்கட்டுக்காகத் தளத்தில் விட்ட திறப்பு வழியாக அலை மேலே கசிகிறது. இந்த ஒரு எண்தான் பின்னால் உதவியது.

வடையும் ஒலிபெருக்கியும்

பெரிய ரவுட்டர் வாங்கினால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். நாலு ஆன்டெனா, ஆறு ஆன்டெனா, பார்க்கச் சிலந்தி மாதிரி இருக்கும். வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, குச்சி ஆன்டெனாவிலிருந்து அலை எல்லாப் பக்கமும் சமமாகப் போகாது. மெதுவடை ஓட்டையில் ஒரு குச்சியைச் செங்குத்தாகச் சொருகியதாக நினைத்துக்கொள்ளுங்கள். குச்சி ஆன்டெனா, வடை அலை பரவும் வடிவம். பக்கவாட்டில் கொழுத்திருக்கும், குச்சியின் தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் ஒன்றுமில்லை. எல்லா ஆன்டெனாவையும் நேராக நிமிர்த்தி வைத்தால் ரவுட்டருக்கு நேர் மேலே உள்ள அறைக்குத்தான் குறைச்சல். இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றை நிமிர்த்தி, ஒன்றைப் படுக்கவைத்துப் பாருங்கள். காசு செலவில்லாத வைத்தியம். எங்கள் வீட்டில் முதல் மாடிக்கு நாலு டெசிபல் கிடைத்தது.

இரண்டாவது, பேச்சு இருபக்கம். ஆடி மாதம் கோயில் ஒலிபெருக்கி மூன்று தெரு தள்ளிக் கேட்கிறது. நீங்கள் உங்கள் வீட்டு வாசலில் நின்று பதில் சொன்னால் கோயிலில் இருப்பவருக்குக் கேட்குமா? பெரிய ரவுட்டர் அந்த ஒலிபெருக்கி. உங்கள் போனின் குரல் சின்னது, பேட்டரியை மிச்சம் பிடிக்கவேண்டிய குரல். போனில் முழுக் கோடு காட்டும், ஆனால் ஒன்றும் ஓடாது என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தங்கை பேசுவது மற்றவர்களுக்குக் கேட்காமல் போனதும் இப்படித்தான்.

தெருவில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால்

1971-ல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழு, தீவுகளில் இருந்த கணினிகளை வானொலி வழியாக இணைத்தது. அலோஹாநெட் என்று பெயர். எல்லாருக்கும் ஒரே அலைவரிசை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால், ஆளுக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி பேசவேண்டும். வைஃபை அந்த வழியில் வந்த பிள்ளை. கொஞ்சம் மரியாதை தெரிந்த பிள்ளை: பேசுவதற்கு முன் யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் பேசும்.

மரியாதை நல்லதுதான். ஆனால் தெருவில் இருபது ரவுட்டர் இருந்தால் எல்லாரும் மாறி மாறிக் காத்திருக்கவேண்டும். 2.4 அலைவரிசைக்கு இந்தியாவில் 2005-லிருந்து உரிமம் வேண்டாம். அதனால் பக்கத்து வீடு, எதிர்வீடு, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான். அதில் 13 சேனல் இருந்தாலும் ஒன்றையொன்று மிதிக்காதவை 1, 6, 11 மூன்றுதான். எங்கள் தெருவில் பார்த்தபோது பாதிப் பேர் 6-ல். ரவுட்டர் பக்கத்துக்குள் போய் 11-க்கு மாற்றி, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்தேன். 5 அலைவரிசையில் 2018-ல் அரசு 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்குத் திறந்துவிட்டது. அங்கே இடம் தாராளம். ஒரே அறைக்குள் இருக்கும்போது 5-ஐப் பயன்படுத்துங்கள். தளத்தைத் தாண்ட அதை நம்பாதீர்கள்.

வாங்கி ஏமாந்தவை

ஆயிரத்து சொச்சத்துக்கு ஒரு ரிப்பீட்டர் வாங்கி, தங்கை அறையிலேயே சொருகினேன். அவள் போனில் முழுக் கோடு. நெட் அதே மாதிரி. ரிப்பீட்டர் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் ஆள். அதற்கே சரியாகக் கேட்காத இடத்தில் உட்கார வைத்தால் அது எதைச் சொல்லும்? நடுவழியில், முதல் மாடிப் படிப்பக்கம் வைத்தபோது கொஞ்சம் தேவலை. அப்போதும் விலை உண்டு: ஒரே ரேடியோவில் கேட்டு, அதிலேயே திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகிவிடும்.

அடுத்து, கரண்ட் லைன் வழியாகவே நெட்டை அனுப்பும் அடாப்டர். நண்பரிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன். எங்கள் வீடு மூன்று ஃபேஸ் இணைப்பு. கீழ்த்தளம் ஒரு ஃபேஸில், இரண்டாம் மாடி வேறு ஃபேஸில். இரண்டு பெட்டியும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. ஒரே ஃபேஸ் வீடாக இருந்தால் முயன்று பார்க்கலாம்.

கடைசியில் ஒரு கேபிள்

தீர்வு இவ்வளவுதான்: அலை தளத்தைத் தாண்டக் கஷ்டப்படுகிறது, கம்பி கஷ்டப்படாது. ஒரு லேன் கேபிளை இரண்டாம் மாடிக்கு ஏற்றி, அங்கே இன்னொரு ரவுட்டரை வைத்துவிட்டால், அந்த மாடிக்கு அதுவே ரவுட்டர். பரணில் பழைய ரவுட்டர் ஒன்று கிடந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

கேபிளில் ஏமாறாதீர்கள். கேட் 6 என்று மேலே அச்சடித்து, உள்ளே அலுமினியத்தின்மேல் செம்புப் பூச்சு பூசியதை விற்கிறார்கள். முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். முனையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். 100 மீட்டர் வரை கேபிள் சுணங்காது. நம் வீட்டுக்கு 30 மீட்டர்கூட ஆகாது.

எங்கள் எலெக்ட்ரீஷியன் அண்ணன் தளத்தைத் துளைக்கவில்லை. மொட்டை மாடிக்குப் போகும் பழைய கேபிள் டிவி குழாய் சும்மா கிடந்தது. ஸ்பிரிங் விட்டு அதன் வழியாகவே இழுத்துவிட்டார். மின்கம்பி ஓடும் குழாயில் மட்டும் லேன் கேபிளைச் சேர்த்து இழுக்கச் சம்மதிக்காதீர்கள். உரசி இன்சுலேஷன் போனால் ஆபத்து. குழாயே இல்லையென்றால் படிக்கட்டுச் சுவரோரம் பட்டி அடித்துக் கொண்டுபோகலாம்.

இரண்டு முனையிலும் கனெக்டர் அடித்த பிறகு, வேகம் 100-க்கு மேல் ஏறவே இல்லையென்றால் கனெக்டரைச் சந்தேகப்படுங்கள். கேபிளுக்குள் நாலு ஜோடிக் கம்பி. இரண்டு ஜோடி சரியாக இருந்தாலே 100 எம்பிபிஎஸ் ஓடும். 1000-க்கு நாலும் வேண்டும். ஒரு கம்பி சரியாக உட்காராவிட்டாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும்.

மேல் ரவுட்டரில் செய்தவை:

1. முதலில் லேப்டாப்பை அதில் மட்டும் இணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றினேன். கீழே உள்ளது 192.168.1.1. இரண்டும் ஒன்றாக இருக்கக்கூடாது.

2. அதன் டிஎச்சிபி வேலையை நிறுத்தினேன். போன், லேப்டாப்புக்கெல்லாம் முகவரி கொடுக்கும் வேலை அது. ஒரு தெருவுக்கு இரண்டு பேர் கதவு எண் எழுதினால் தபால்காரர் என்ன ஆவார்? எழுதுகிற ஆள் கீழே உள்ளவர் மட்டும்.

3. கீழிருந்து வந்த கேபிளை மேல் ரவுட்டரின் லேன் போர்ட்டில் சொருகினேன். தனி நிறத்தில் இருக்கும் இன்டர்நெட் போர்ட்டில் அல்ல.

4. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளதைப் போலவே. சேனல் மட்டும் வேறு: கீழே 11, மேலே 1.

புது ரவுட்டர்களில் ஏபி மோடு என்று ஒரு தேர்வு இருக்கும். அதை அமுக்கினால் முகவரி, டிஎச்சிபி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். மெஷ் செட் வாங்க வசதி இருந்தால் வாங்கலாம், ஆனால் அதன் பெட்டிகளையும் கேபிளால் இணையுங்கள். கேபிள் இல்லாவிட்டால் அவையும் அதே தளத்தைத்தான் தாண்டவேண்டும்.

கூடவே கீழ் ரவுட்டரையும் இடம் மாற்றினேன். அது டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் ஒளிந்திருந்தது. மாடிப்படி அடிக்குக் கொண்டுவந்தேன், அந்த மைனஸ் 66 ஞாபகத்தில். முதல் மாடிக்கு அதுவே போதுமாகிவிட்டது. ஃபைபர் கம்பியை மட்டும் நீங்களே இழுத்து மடக்காதீர்கள், கண்ணாடி இழை. ஃபைபர் பெட்டியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அங்கிருந்து லேன் கேபிள் போட்டு ரவுட்டரை மட்டும் நகர்த்துவது எளிது.

நம்ம ஊருக்கென்று சில

கடலூரில் உப்புக்காற்று கேட் கொண்டியையே தின்றுவிடும், லேன் கனெக்டரை விடுமா? மொட்டை மாடியில், வெயிலில் கனெக்டர் இணைப்பு வைக்காதீர்கள். கேபிள் வெளியே போயே ஆகவேண்டும் என்றால், சுவர் ஓட்டைக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விடுங்கள். மழைத்தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வராமல் அந்த வளைவில் சொட்டிவிடும். ஐப்பசி கார்த்திகை இடியில், வெளியே ஓடும் செம்புக் கேபிள் இரண்டு ரவுட்டரையும் ஒரே நேரத்தில் கொன்றுவிடும். ஃபைபருக்கு அந்தப் பயமில்லை, அது மின்சாரம் கடத்தாது. முடிந்தவரை செம்பை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு இங்கே எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்பது ஊருக்கே தெரியும். அந்த அளவுக்கு எதுவும் தாங்காது. ஆனால் தினசரி அரை மணி கட்டுக்கு ரவுட்டருக்கான சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் போதும். வாங்கும்போது உங்கள் பெட்டிகளின் அடாப்டரும் 12 வோல்ட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃபைபர் பெட்டி, கீழ் ரவுட்டர், மேல் ரவுட்டர் மூன்றுக்கும் கரண்ட் இருந்தால்தான் மேலே நெட் இருக்கும். ஒன்றை மறந்து நான் ஒருநாள் திட்டு வாங்கினேன்.

இன்னும் ஒரு சின்னத் தொந்தரவு பாக்கி இருக்கிறது. போன்கள் பிடித்த ரவுட்டரைச் சுலபத்தில் விடாது. கீழிருந்து மேலே வந்த பிறகும் கீழ் ரவுட்டரையே பிடித்துத் தொங்கும். வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரி.

மொத்தச் செலவு, கேபிளும் கூலியும் சேர்த்து இரண்டாயிரத்துக்குள். திட்டத்தைப் பழையபடி 50-க்கே இறக்கிவிட்டேன். உங்கள் வீட்டில் ஆரம்பிப்பதாக இருந்தால் வரிசை இதுதான்: முதலில் இரண்டு பிங், பிறகு அறைவாரியாக டிபிஎம், ரவுட்டரை இடம் மாற்றுதல், ஆன்டெனா, சேனல். இவை எல்லாம் இலவசம். இதிலேயே பாதி வீடுகளுக்குச் சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் மட்டும் கேபிள்.

கேபிள் போட்ட அன்று சாயங்காலம் தங்கை மேஜையில் அளந்தேன்: மைனஸ் 46. ரவுட்டருக்குப் பிங் 2, 2, 3, 2. அவள் கால் முடித்துக் கீழே வந்தபோது அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். "என்னடி, இன்னைக்கு மேலேர்ந்து 'கேக்குதா, கேக்குதா'ன்னு சத்தமே வரல?" என்றார்.

ஆறு மாதமும் அவள் இங்கேதான் இருந்தாள்.